திமிங்கிலத்துக்குத் தண்ணீர் ஊற்றும் எல்லோருக்கும் நன்றி

திருகோணமலையில் எங்கள் சனசமூக நிலைய வளவில், கம்பிச் சட்டத்தில் பழைய பிளாஸ்டிக் போத்தல்களை அடுக்கி, அவற்றில் செடி நட்டுச் செய்த பச்சைத் திமிங்கிலம் ஒன்று நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "இதை யார் செய்தது?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு பெயரில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, டச்சுபேக் கரையில் விடியற்காலையில் உரப்பையோடு போத்தல் பொறுக்கும் ஐயாவுக்கு. போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் சோடாப் போத்தல் வகை, 2 என்றால் ஷாம்பு, பினாயில் வரும் தடித்த வகை என்று பிரிக்கக் காட்டித்தந்தவர் அவர்தான். மண் பாரம் தாங்கவேண்டிய வயிற்றுப் பக்கத்துக்கு 2, முதுகுக்கு 1. 2023 ஒக்டோபரில், ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை, இடியப்பத் தட்டு எல்லாம் தடையானது. குளிர்பானப் போத்தல் அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கரையிலிருந்து அள்ளுவது இவரைப் போன்றவர்களின் கைகள்தான். இந்த ஊர் அவர்களுக்கு இன்னும் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறது.

கிழிந்த நைலோன் வலைகளைத் தந்த படகுக்கார அண்ணைமாரே, உங்களுக்கும். கடலில் விட்ட வலை சும்மா கிடக்காது. ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது அது தென்னந்தும்பையும் மண்ணையும் இறுக்கிப் பிடிக்கும் திமிங்கிலத் தோல். திமிங்கிலம் செய்வோம் என்றதும் நீங்கள்தான். கோணேசர் மலையிலிருந்தே நீலத் திமிங்கிலம் தெரிகிற ஊரில் வேறு எதைச் செய்வது! பழைய கட்டடக் கம்பியை வளைத்து ஒட்டித்தந்து, கூலி வாங்க மறுத்த தம்பிக்கும் நன்றி.

செடிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் எதையும் விட்டுவைக்காது, பொலித்தீனைக்கூடத் தின்கின்றன. அதை நினைத்தால் நெஞ்சு பதறும். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் மானிடமிருந்து செடிகளைக் காக்க வழி சொன்னார்: மானின் வாய் எட்டும் உயரத்தில் கற்பூரவள்ளியும் நித்தியகல்யாணியும், எட்டாத முதுகில் பொன்னாங்காணியும் பத்துமணிப்பூவும். கற்பூரவள்ளியின் வாசம் மானுக்குப் பிடிக்காது, நித்தியகல்யாணி கசப்பு. உப்புக்காற்றையும் அது தாங்கும். மேல் போத்தலில் ஊற்றும் தண்ணீர் ஒவ்வொன்றாகச் சொட்டிக் கீழே வருவதால் வல்லாரையை வால் பக்கம் வைத்தோம். அங்கேதான் ஈரம் நிற்கும்.

அப்புறம், எங்கள் பகுதி பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்). தண்ணீர் தேங்கிய போத்தல் டெங்கு நுளம்புக்கு வீடு என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் வடிகால் துளை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அந்த அக்கறைக்கு நன்றி. லேபிள் உரித்துக் கழுவித் தந்த பிள்ளைகளே, நீங்கள் இல்லாமல் இது நடந்தே இராது.

ஒரு விஷயத்தை எல்லோரும் மனதில் வையுங்கள். வெயிலில் நின்ற போத்தல் காலப்போக்கில் மொறுமொறுத்து உடையும். உடைந்த துகள் மண்ணிலும் கடலிலும் கலந்தால் நாம் செய்ததற்கு அர்த்தமில்லை. வெளுத்துப்போன, வெடித்த போத்தலைக் கண்டால் உடனே சொல்லுங்கள்; செடியை மாற்றி நட்டுவிட்டு, பழையதை ஐயாவிடம் கொடுத்துவிடுவோம். அவர் எடுத்துப்போகச் சம்மதித்திருக்கிறார்.

வெக்கையான கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மாலையில் முறைவைத்து வாளி தூக்கும் அக்காமாருக்கு இப்போதுதான் வேலை கூட. அவர்களுக்குத் துணையாகப் புதன், ஞாயிறு வரத் தொடங்கியிருக்கும் கிண்ணியாச் சகோதரர்களுக்கும் எங்கள் மனம் நிறைந்த நன்றி.