ஆண்டறிக்கை 2024–2025: கார் வராத பாதைகளில் நம் சங்கம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவான நம் சைக்கிள் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிர்வாகக் குழு ஒழுங்காகக் கூடியது, காப்புறுதி புதுப்பிக்கப்பட்டது, மண்டப வாடகையும் கட்டியாயிற்று. இந்த வகையில் வேறொன்றும் சொல்வதற்கில்லை. நேரே பாதைக்கு வருகிறேன்.

கடந்த பொதுக்கூட்டத்தில் எடுத்த முக்கியமான முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வருடம் சங்கத்தின் பெயரில் போகும் எல்லாப் பயணமும் முடிந்தவரை கார் வராத பாதையில்தான் என்று தீர்மானித்தோம். வேகமாக ஓட்டும் இளைஞர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் நம் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் போய்வந்த அக்காமார், எரிபொருள் தடைக் காலத்தில் மூட்டை முடிச்சோடு யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில் சுற்றிய அண்ணாமார் பலர், பிரான்சு வந்தபிறகு ஹாண்டிலைத் தொடவே இல்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை, பயம். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இங்கே எல்லாம் வலப்பக்கம். பாரிஸ் புறநகரான லா கூர்நெவ் சந்தியில் லொறிக்கும் பேருந்துக்கும் நடுவில் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை 'ஊர்க்' (Ourcq) என்ற கால்வாயின் கரைக்கு மாற்றினோம். பாரிசுக்குத் தண்ணீர் கொண்டுவர 1802இல் நெப்போலியன் வெட்ட உத்தரவிட்ட கால்வாய் இது. லா வில்லெத்தில் தொடங்கிப் பொபினி, பொண்டி, செவ்ரான் வழியாகக் கிளே-சுயி வரை இதன் கரையோடு தார் போட்ட சைக்கிள் பாதை போகிறது. நம்மில் பாதிப் பேருக்கு இது வீட்டுப் படலையிலிருந்து கூப்பிடு தூரம். பலர் வருடக்கணக்காகப் பாலத்தின் மேலிருந்து பார்த்தும் கீழே இறங்கியதில்லை. பொபினி வரை நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாயோடு வருபவர்கள் என்று நெரிசல் இருக்கும், மணி அடித்துக்கொண்டே போக வேண்டும். செவ்ரானில் பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த காட்டுப் பூங்காவைத் தொட்டதும் சத்தம் அடங்கிவிடும். களைத்தவர்கள் அங்கேயே ஆர்.இ.ஆர். பி ரயிலில் ஏறித் திரும்பலாம். வார இறுதியில் நாள் முழுக்கச் சைக்கிளை ஏற்றலாம். வேலைநாளில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4.30 முதல் 7.30 வரையும் ஏற்றக்கூடாது.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் முதல் நாள் கிளே-சுயி வரை ஓட்டிவிட்டு, இறங்கி முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "தம்பி, இதில மேடு எங்க வருது? பலாலி றோட்டில கூட இப்படி ஒரே மட்டமா ஓடினதில்லை." மட்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கால்வாய்க் கரை என்பது படகை இழுத்துப் போன குதிரைகளுக்காகப் போட்ட பாதை. தண்ணீர் மட்டமாக நிற்பதால் கரையும் மட்டம், மதகு வருமிடத்தில் மட்டும் ஒரு சின்ன ஏற்றம். பழைய ரயில் பாதைக்கும் இதே நியாயம்தான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு செங்குத்தான ஏற்றத்தில் வழுக்கும் என்பதால், பொறியியலாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்தே வைத்தார்கள். ரயில் நின்றுபோன பல பாதைகளில் தண்டவாளத்தைக் கழற்றித் தார் போட்டுவிட்டார்கள். பிரான்சு முழுக்க நமக்குக் கிடைத்திருக்கும் அருமையான பாதைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் பச்சைக் கோடு கண்டதும் முழுக்கக் கார் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நீலச் சதுரப் பலகையில் நடப்பவர், சைக்கிள்காரர், குதிரைக்காரர் மூவரும் வெள்ளையாகத் தெரிந்தால் அது 'வுவா வெர்த்'. 2004இல் சாலை விதிகளில் சேர்க்கப்பட்ட இந்த வகைப் பாதையில் மோட்டார் வண்டி வரக்கூடாது. 'வெலோரூத்' அப்படியல்ல. அது நீண்ட தூரப் பயணத்துக்கு அடையாளம் போட்ட தடம் மட்டும்தான். நடுவில் வுவா வெர்த்தும் வரும், கார் குறைந்த கிராமச் சாலையும் வரும், சில இடத்தில் கார் குறையாத சாலையும் வரும். மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். 250 வாட்டுக்குள் இருந்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிடும் வண்டி சைக்கிள்தான். 45 வரை போவது சட்டப்படி மொபெட், வுவா வெர்த்தில் இடமில்லை.

வசந்த காலப் பயணம் நோர்மாந்தியில். பாரிசின் சேன் லசார் நிலையத்தில் ஏறி ரூவானில் இறங்கி, அங்கிருந்து அமியான் போகும் ரயிலில் செர்க்கோவில் இறங்கினோம். பக்கத்து ஊரான ஃபோர்ஜ்-லேஸ்-ஓவிலிருந்து ஆர்க்-லா-பத்தாய் வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர், பாரிசுக்கும் தியெப்புக்கும் நடுவில் ஓடிய பழைய ரயில் பாதை. பாரிஸ் – லண்டன் சைக்கிள் தடத்தின் ஒரு துண்டு இது. இரண்டு பக்கமும் மாடுகள் மேயும் புல்வெளி, ஆப்பிள் தோட்டம். நெஃப்ஷத்தலில் இதய வடிவப் பாலாடைக்கட்டி வாங்கினோம். அதைக் கட்டுச்சோற்றுப் பையில் வைத்துக் கொண்டுவந்தவர் யார் என்று சொல்லமாட்டேன், ரயில் பெட்டி முழுக்க அறிந்தது.

இந்தப் பயணத்தில் கற்றது சந்திகளைப் பற்றி. ரயில் ஓடிய காலத்தில் கிராமச் சாலை குறுக்கிடும் இடமெல்லாம் வாயில் காப்பவரின் சிறிய வீடு ஒன்று இருந்தது. வீடுகள் பல இன்னும் நிற்கின்றன, திரைச்சீலை போட்டு யாரோ குடியிருக்கிறார்கள். அப்போது கதவை மூடி மற்ற வண்டிகளை நிறுத்தினார்கள். இப்போது பெரும்பாலான சந்திகளில் நிற்க வேண்டியவர்கள் நாம். வெகுநேரம் கார் பார்க்காமல் கதை பேசிக்கொண்டே வருவதால் கவனம் தளர்ந்துவிடும், அதுவும் பிள்ளைகளுக்கு. பாதையின் ஆபத்து முழுவதும் அந்தச் சில மீட்டரில்தான் இருக்கிறது. இனிமேல் ஒவ்வொரு சந்திக்கும் முன்னால் முன்னோடி ஒருவர் இறங்கி நிற்பார், அவர் கை காட்டிய பிறகே மற்றவர்கள் கடக்க வேண்டும். குழு இதை ஏற்றுக்கொண்டுவிட்டது, பொதுக்கூட்டமும் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சந்திகளில் கார் நுழையாமல் நட்ட கம்பங்களும் வளைவுத் தடுப்புகளும் இன்னொரு தலைவலி. பிள்ளையை இருத்திச் சைக்கிளின் பின்னால் இழுக்கும் சின்ன வண்டி சிலவற்றுக்குள் நுழையவில்லை. கழற்றித் தூக்கித் திரும்பப் பூட்ட வேண்டியிருந்தது. வாங்க நினைப்பவர்கள் அகலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கோடைப் பயணம் பூர்கோஞ்சின் தென்பகுதியில். இந்த வருடத்தின் நல்ல பயணம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பெர்சி நிலையத்திலிருந்து லியோன் போகும் வட்டார ரயிலில் ஷலோனில் இறங்கி ஜிவ்ரிக்குப் போனோம். ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை 44 கிலோமீட்டர், 1997இல் திறந்தது. பிரான்சின் ஆரம்பகால வுவா வெர்த்களில் ஒன்று. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் தொடங்கி, கொர்மதான் கோட்டையைத் தாண்டிப் போகிறது. குளூனி மடம் 910இல் நிறுவப்பட்டது. ரோமில் இப்போதைய புனித பேதுரு ஆலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் பெரிய கோவில் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக இடித்து விற்றுவிட்டார்கள், சிலுவை வடிவக் கோவிலின் ஒரு பக்கக் கையில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். எஞ்சிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாமார் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

குளூனியைத் தாண்டி மாக்கோன் பக்கம் போக, புவா கிளேர் என்ற பழைய ரயில் சுரங்கம் வருகிறது, ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் நீளம். வெளியே தார் உருகும் வெயில். வாசலுக்கு வரும்போதே உள்ளேயிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஒரு அக்கா சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகியிருந்ததை அவிழ்த்துத் தோளில் போர்த்திக்கொண்டார். ஆம், சேலையோடுதான் ஓட்டினார், செயின் மூடி போட்ட சைக்கிளில். எல்லோரும் விளக்கைப் போட்டு ஒற்றை வரிசையில் போனோம். கூரையிலிருந்து சொட்டு விழுந்தது, முன்னால் போன பையன்கள் கத்திக் கத்தி எதிரொலி கேட்டார்கள். மறுமுனை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்து வெகுநேரம் பெரிதாகவே இல்லை. குளிர்காலத்தில் வௌவால்கள் உள்ளே உறங்குவதால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், அப்போது மலைக்கு மேலால்தான் சுற்றிப் போக வேண்டும். குடும்பத்தோடு தனியாகப் போக நினைப்பவர்கள் கோடையிலேயே போங்கள்.

வழியில் ஒரு விடுதியில் எங்களுக்குக் கசப்பும் நேர்ந்தது. சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் உண்டு என்று தொலைபேசியில் சொன்னவர்கள், நேரில் முற்றத்து மழையைக் காட்டினார்கள். இனிமேல் 'அக்கேய் வெலோ' முத்திரை உள்ள இடத்தையே முன்பதிவு செய்யப்போகிறோம். அந்த முத்திரைக்குத் தடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், பத்திரமான நிறுத்துமிடமும் திருத்தும் சாமான்களும் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் சாப்பாடும் தண்ணீரும். பிரெஞ்சுக் கிராமத்தில் பகல் 12 மணிக்குக் கடை மூடினால் 2 மணிக்கு முன் திறக்காது, ஞாயிறு பின்னேரமும் திங்களும் பல ஊர்களில் திறக்கவே திறக்காது. பாண் காலையிலேயே வாங்கிவிட வேண்டும். சில ஊர்களில் பாண் தரும் இயந்திரம் நிற்கிறது, சில்லறை இருந்தால் பிழைக்கலாம். தண்ணீர் முடிந்தால் ஊர்ச் சேமக்காலைக்குப் போங்கள், பூச்செடிக்கு ஊற்றவென்று குழாய் இருக்கும். முதலில் கேட்டபோது நம்மவர்கள் கூசினார்கள். வெயில் ஏறியதும் கூச்சம் போய்விட்டது. 'குடிக்கக் கூடாது' என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் 2017 மார்ச் முதல் சட்டப்படி கட்டாயம். நம் சங்கத்தில் வயது பார்க்காமல் எல்லோருக்கும் கட்டாயம், இதில் விவாதம் வேண்டாம்.

அடுத்த வருடப் பெரிய பயணம் பற்றிக் குழுவுக்குள் காரசாரமாகப் பேசினோம். லுவார் ஆற்றோரத் தடம் வேண்டும் என்பவர்கள் பலர். நெவேர் பக்கத்திலிருந்து கடல் வரை 900 கிலோமீட்டர், அரண்மனைகள், நல்ல அடையாளப் பலகைகள், எல்லாம் உண்மை. பிரியாரில் லுவாருக்கு மேலால் 662 மீட்டர் நீளத்தில் படகு போகும் நீர்ப்பாலம் ஒன்றும் இருக்கிறது, 1896இல் திறந்தது, எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் அந்தத் தடத்தின் பெரும்பகுதி கார்களும் போகும் சிறு சாலை. நாம் எடுத்த தீர்மானத்துக்கு அது பொருந்தாது. வேறு சிலர் தென்பிரான்சின் 'மிடி' கால்வாய் என்றார்கள். ரிக்கே என்பவர் 1666இல் வெட்டத் தொடங்கி 1681இல் திறந்த அந்தக் கால்வாயில் துலூசிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை தார், அதற்குப் பிறகு பல இடங்களில் மண்ணும் மரவேருமாகக் கிடக்கும். கரையில் நின்ற பிளேன் மரங்களையும் 2006இல் கண்டுபிடித்த பூஞ்சண நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள், நிழல் போன இடங்கள் உண்டு.

குழுவின் பரிந்துரை கரோன் கால்வாய். துலூசிலிருந்து காஸ்தே-ஆன்-தோர்த் வரை 193 கிலோமீட்டர், தார் போட்ட வுவா வெர்த். மொய்சாக்கில் தங்கலாம். அஜானில் கரோன் ஆற்றுக்கு மேலால் 539 மீட்டர் கல் நீர்ப்பாலத்தில் கால்வாயோடு நாமும் போகலாம். பிறகு சிறு சாலைகளில் கொஞ்சத் தூரம், இதற்கு மட்டும் அனுபவமுள்ளவர்கள் முன்னும் பின்னும் வேண்டும். சோவ்தேரிலிருந்து போர்தோ நோக்கி மறுபடி பழைய ரயில் பாதை. 1937இல் தூர் தெ பிரான்சு சைக்கிள் போட்டியை வென்ற ரொஜே லாப்பெபியின் பெயர் அதற்கு. கியர் மாற்றும் கருவியை அந்தப் போட்டியில் அனுமதித்த முதல் வருடமும் அதுதான் என்பதை, பழைய சைக்கிளில் கியர் இல்லை என்று சாக்குச் சொல்லும் அண்ணாமாருக்கு நினைவூட்டுகிறேன். கால்வாய்க் கரையில் பெரும்பாலும் கம்பிவேலி இல்லை. சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்கு மறுபக்கம், பெரியவர் தண்ணீர்ப் பக்கம் என்று ஓட்ட வேண்டும்.

ஓஸ்தர்லிட்சிலிருந்து துலூசுக்குப் போகும் ரயிலில் சைக்கிளுக்குத் தனி முன்பதிவு வேண்டும், இடமும் கொஞ்சம்தான். ஒரே ரயிலில் எல்லோரும் போக முடியாது, பிரிந்துதான் போவோம்.

ரயர் கழற்றவும் ரியூபுக்கு ஒட்டுப் போடவும் கால்வாய்க் கரையில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த இளைஞர்களுக்கும், புட்டும் சம்பலும் கட்டிக்கொடுத்த அக்காமாருக்கும், கோடைப் பயணத்தில் கடைசி ஆளாக எல்லோருக்கும் பின்னால் வந்த துணைத்தலைவருக்கும் சங்கத்தின் நன்றி.

சந்தி ஒழுங்கும் கரோன் பயணமும் இப்போது வாக்கெடுப்புக்கு வருகின்றன. பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் சைக்கிளின் நீளத்தையும் மின்சார வண்டியா என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். இரவல் வாங்கிய பம்புகளும் முன்விளக்குகளும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன, அவற்றை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பொருளாளரிடம் ஒப்படைக்கவும்.

செயலாளர்