காட்பாடி மாடி அறை மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத பதினெட்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கம்ப்யூட்டரில் விண்கல விளையாட்டு ஆடும் நம் மன்றத்தின் பொதுக்குழு, சித்திரையில் நடக்க வேண்டியது, ஆடியில் நடக்கிறது. மூன்று முறை தேதி வைத்தோம், மூன்று முறையும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள், சேரவில்லை. ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றார்கள். மே மாதம் கத்திரி வெயில் என்றார்கள். ஜூனில் வரிசையாகக் கல்யாணம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, யாரும் பந்தியைக் காரணம் காட்ட முடியாது என்றுதான் ஜூலை 20 என்று முடிவு செய்தோம். 1969இல் நிலவில் மனிதன் இறங்கிய நாள் என்பதால் இந்தத் தேதி என்று தலைவர் அழைப்பிதழில் எழுதிவிட்டார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது காரணமும் இல்லை, கணக்கும் சரியில்லை. நம் நேரப்படி அவர்கள் இறங்கியது 21ஆம் தேதி விடியற்காலை 1.47க்கு. மன்ற ஆவணத்தில் தப்பு இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மொத்த உறுப்பினர் 27, கோரம் 9. தலைவரையும் என்னையும் சேர்த்து இப்போது அறையில் சரியாக 9 பேர் இருக்கிறோம். தயவுசெய்து அறிக்கை முடியும்வரை யாரும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டாம்.

ஆண்டு நிகழ்ச்சிகள். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஆயுத பூஜைக்கு இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தோம். குங்குமம் கீபோர்டுக்குள் இறங்கி 'எஸ்' பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டது. அந்த வாரம் கெர்பல் விளையாட்டில் ஏவிய ராக்கெட் எல்லாம் மூக்கைத் தூக்கித் தூக்கிக் குட்டிக்கரணம் போட்டன. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வேன் பிடித்துக் காவலூர் வானாய்வகம் போனோம். 93 அங்குல வைணு பாப்பு தொலைநோக்கியைப் பகலில் பார்த்தோம். இரவில் வானத்தைப் பார்ப்பதாக இருந்தது, ஜவ்வாது மலை முழுக்க மேகம். வழியில் ஆம்பூரில் சாப்பிட்ட பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டதில் காவலூருக்கும் பங்கு உண்டு என்று வேனில் நான் அரை மணி நேரம் சொன்னது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி60 கிளம்பியபோது மொட்டை மாடியில் நின்று வடகிழக்கே பார்த்தோம். அன்றும் மேகம்.

மேகம் என்றதும் வானிலைப் பேச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், புகார் வந்திருக்கிறது. ஞாயிறு மாலை 5 மணிக்கு விளையாட்டு ஆரம்பிக்க வேண்டும். 5 மணிக்கு "இன்னா சார், இன்னிக்கு வருமா?" என்று ஒருவர் கேட்பார். உடனே நாலு பேர் போனில் ரேடார் படத்தைத் திறப்பார்கள். சித்தூர் பக்கம் கட்டுகிறது, வராது, பொன்னையோடு நின்றுவிடும் என்று ஒரு கட்சி. காற்று மாறினால் நமக்குத்தான் என்று இன்னொரு கட்சி. மணி 6.30 ஆகிவிடும். இதற்காகத்தான் வானிலைக்கு 15 நிமிடம் என்று ஜூலையில் தீர்மானம் போட்டோம். அதை முதல் வாரமே மீறியவர் தலைவர். ராக்கெட் மன்றத்தில் வானிலை கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1969 நவம்பர் 14 அன்று மழை மேகத்துக்குள் ஏவிய அப்பல்லோ 12 மேல் முதல் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு தடவை மின்னல் தாக்கியது. ஏவுதளத்துக்காரர்கள் வானிலை பார்ப்பார்கள், பார்த்துவிட்டு ஏவுவார்கள். நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஃபெஞ்சல் புயல் மட்டும் விதிவிலக்கு. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ஞாயிறு, கூட்டத்துக்கு மூன்றே பேர், மூவரும் நனைந்து வந்தோம். விளையாட்டைத் தொடவே இல்லை. மயிலத்தில் 51 செ.மீ. என்று செய்தி வந்தது, அடுத்த நாள் ஊத்தங்கரையில் 50 என்றார்கள். அதுவரை "நமக்கு வர வேண்டிய மழை எல்லாம் பக்கத்து ஊருக்குப் போகுது" என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவர், அந்த எண்ணைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை. 2021 நவம்பரில் பாலாறு வந்த வரத்தைப் பார்த்தவர்கள் நாம்.

அடுத்து, லாரி விவகாரம். விண்கல விளையாட்டுக்கென்று ஆரம்பித்த மன்றத்தில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 எதற்கு என்று மூன்று உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். (மூவரும் சந்தா பாக்கி.) என் பதில் இது. ராணிப்பேட்டையிலிருந்து வரும் நம் மூத்த உறுப்பினர், எழுபதைத் தாண்டியவர், முப்பது வருடம் லாரி ஓட்டியவர், எல்லோருக்கும் அண்ணன். ராக்கெட் பக்கம் அவருக்கு மனம் போகவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று பேரன் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். பிராகாவில் உள்ள ஒரு நிறுவனம் 2012இல் வெளியிட்டது. ஐரோப்பாவின் சாலைகளை ஏறத்தாழ 19இல் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். பிரான்சில் கலே துறைமுகத்திலிருந்து கிளம்பினார். பழக்கதோஷம், இடது பக்கம் ஏறிவிட்டார். "இன்னாடா இது, எல்லாவனும் ராங் சைடுல வரானுங்க" என்று ஹார்ன் அடித்துக்கொண்டே போய் முட்டினார். நாலு வாரம் அபராதம் கட்டினார். ஐந்தாவது வாரம் கப்பலில் வண்டியை ஏற்றி டோவரில் இறங்கினார். இங்கிலாந்தில் இடது பக்கம். நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டு, "இப்பதான் நம்ம ரோடு" என்றார்.

அங்கே நிஜ ஓட்டுநர்களுக்கு நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாய ஓய்வு, ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று ஐரோப்பியச் சட்டம் இருக்கிறது என்று நான் சொன்னேன். நம்பவில்லை. போனில் எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பம்பாய் லோடு போறப்ப தூக்கம் வந்தா மூஞ்சில தண்ணி அடிச்சிக்குவோம். அவ்ளோதான்." அப்புறம் திரையில் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, டீ சொல்லச் சொன்னார். முழுதாக 45 நிமிடம் அந்த வண்டி அங்கேயே நின்றது. அடுத்து விளையாட வேண்டியவர்கள் முணுமுணுத்தார்கள், நான் தடுக்கவில்லை. அண்ணன் மாதம் பிறந்த முதல் ஞாயிறே சந்தா கட்டுகிறவர். லாரி தொடரும்.

இனி டாக்கிங் பலகை, அதாவது விண்வெளியில் இரண்டு கலங்களை இணைக்கப் பழகும் பலகை. இதைப் பற்றித்தான் என் முதுகுக்குப் பின்னால் அதிகம் பேசப்படுகிறது, ஆகவே விவரமாகவே சொல்கிறேன்.

நாம் இதைப் பழகும் ஆர்பிட்டர் விளையாட்டு 2000இலிருந்து இலவசம். மார்ட்டின் ஷ்வைகர் என்பவர் எழுதியது, 2021இல் மூல நிரலையும் திறந்து கொடுத்துவிட்டார். ஆக, மென்பொருளுக்கு மன்றம் ஒரு பைசா செலவழிக்கவில்லை. செலவானது கைப்பிடிகளுக்கு. விண்கலத்தைத் திருப்ப ஒன்று, திருப்பாமல் முன்பின் நகர்த்த ஒன்று, இரண்டு தனித்தனி கைப்பிடி வேண்டும். கொசப்பேட்டை ஆசாரியிடம் பிளைவுட் பலகை செய்து, இரண்டு ஜாய்ஸ்டிக், பதினாறு சுவிட்ச் பொருத்தினேன். மொத்தம் 9,850 ரூபாய். "இந்தக் காசுக்கு ஏசி போட்டிருக்கலாம்" என்றார் ஒருவர். 9,850 ரூபாய்க்கு எந்த ஊரில் ஏசி கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கத்திரியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கம்ப்யூட்டரே சூடு தாங்காமல் அணைந்துபோகிறது என்பது உண்மைதான். அதற்குத்தான் மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருக்கிறோம்.

டாக்கிங்கில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினால், நம் சுற்றுப்பாதை உயர்ந்துவிடும், சுற்றி வர நேரம் கூடும், கடைசியில் இன்னும் பின்தங்கிப் போவோம். வேகத்தைக் குறைத்தால்தான் பாதை இறங்கி, சீக்கிரம் சுற்றி வந்து, முன்னால் போவதை எட்டிப் பிடிக்கலாம். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் போன மெக்டிவிட், கழன்ற தன் ராக்கெட் அடுக்கையே எட்டிப் பிடிக்கப் பார்த்து, அதை நோக்கி முடுக்கி முடுக்கி எரிபொருளை வீணடித்ததுதான் மிச்சம்; பாதியில் கைவிட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நானும் மெக்டிவிட் மாதிரியே ஓட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொங்கலுக்கு முன் நிலையத்துக்கு மூன்று மீட்டர்வரை போவேன், கை உதறும், பின்வாங்கிவிடுவேன்.

ஜனவரி 12 ஞாயிறு அன்று, இரண்டு கலங்களை இணைத்துப் பார்க்கும் ஸ்பேடெக்ஸ் சோதனையின் செய்தி வந்தது. இஸ்ரோ அனுப்பிய இரண்டு செயற்கைக்கோள்களும், ஒவ்வொன்றும் 220 கிலோ, 15 மீட்டர்வரை நெருங்கி, அப்புறம் 3 மீட்டர்வரை வந்து, பத்திரமாகப் பின்வாங்கின. அறையில் ஒரே சிரிப்பு. "சார், உங்ககிட்டதான் கத்துக்கிட்டாங்க போல." நான்கு நாள் கழித்து, 16ஆம் தேதி, காணும் பொங்கல் அன்று இரண்டும் இணைந்தன. உறவுக்காரர்களைப் போய்ப் பார்க்கும் நாளில் இதுகளும் பார்த்துக்கொண்டன என்று தலைவர் சொன்னது இந்த வருடம் அவர் சொன்னதிலேயே நல்லது. ஆற்காடு போய் என் சொந்தக் காசில் மக்கன் பேடா வாங்கி வந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு நம் செவிலியர் உறுப்பினர் இரவு டூட்டி முடித்துத் தூங்கி எழுந்து, கண் வீக்கத்தோடு வந்தார். பலகையில் அதற்கு முன் இரண்டு தடவைதான் உட்கார்ந்திருக்கிறார். விநாடிக்கு அரை மீட்டர், 0.3, 0.2 என்று குறைத்துக்கொண்டே போனார். நாங்கள் பின்னால் நின்று கத்துவதைக் காதில் வாங்கவே இல்லை. 0.1இல் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதுவாகவே போய்ப் பொருந்தியது. எப்படி என்று கேட்டேன். "குழந்தைக்கு ஊசி போடற மாதிரிதான் சார். கிட்ட போனப்புறம் நாம எதுவும் பண்ணக் கூடாது." 9,850 ரூபாய் வீண் என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வரவு செலவு. கணக்கு நோட்டு பொருளாளர் வீட்டு பீரோவில் இருக்கிறது. பீரோச் சாவி பொருளாளரிடம். பொருளாளர் ஜெர்மனியில் மகன் வீட்டில். மே 4, இங்கே கத்திரி பிறந்த அன்று, விமானம் ஏறினார். ஆகவே நினைவிலிருந்து சொல்கிறேன்: சந்தா வரவு ஏறத்தாழ 19 ஆயிரத்துச் சில்லறை. அறை வாடகை, கரண்ட், நெட், பலகை, டீ எல்லாம் சேர்த்து அதைவிடக் கொஞ்சம் கூட. முன்னிருப்பில் கொஞ்சம் ஈடுகட்டினோம், மீதி ஒருவர் கையிலிருந்து போட்டார். யார் என்று சொல்வது முறையல்ல, அறிக்கை வாசிப்பவர் அவரே.

பொருளாளர் நம்மை மறந்துவிடவில்லை. தினமும் படம் வருகிறது. காரில் ஆஸ்திரியா போய் குரோஸ்குளோக்னர் மலைப்பாதையில் ஏறினாராம்: 48 கிலோமீட்டர், 36 வளைவு. இத்தாலியில் ஸ்டெல்வியோ கணவாயில் ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி. ஏலகிரியில் 14தான் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர் உண்டு என்று பதில் போட்டேன். ஸ்பேயர் ஊர் அருங்காட்சியகத்தில் பூரான் என்ற சோவியத் விண்வெளி ஓடத்தின் முன் நின்று, "விண்வெளி போய் வந்தது" என்று எழுதியிருந்தார். திருத்தம்: அது காற்றுமண்டலத்தில் தரையிறங்கிப் பழகிய சோதனை ஓடம். விண்வெளி போய் வந்தது வேறொன்று, 1988 நவம்பரில், ஆளில்லாமல், ஒரே ஒரு தடவை. எல்லாப் படத்துக்கும் லைக் போடும் உறுப்பினர்களில் 11 பேர் சந்தா பாக்கி என்பதையும் பார்த்தேன்.

மாதம் 100 ரூபாய். பாக்கி மட்டும் 13 ஆயிரம். 14 மாதம் பாக்கி வைத்திருக்கும் சத்துவாச்சாரி நண்பரிடம் போனில் கேட்டேன். "முன்னால போறவனைப் புடிக்கணும்னா வேகத்தைக் குறைக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க. அதான் மெதுவா வரேன்" என்றார். பாடம் புரிந்திருக்கிறதே என்று அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன்.

நன்றி: தலைவருக்கு, வாடகையை ஏற்றாத வீட்டுக்காரருக்கு, டீக்கடைக்காரருக்கு, வேன் ஓட்டியவருக்கு, வந்த எட்டு பேருக்கு.

அடுத்த ஆண்டு. நான்காவது வருடமாக நானே செயலாளர். வேறு யாராவது வருகிறேன் என்றால் சாவியை இப்போதே கொடுத்துவிடுவேன். சனிக்கிழமை வந்து அறை பெருக்க வேண்டும், சுவிட்ச் ஒன்பதும் பதினொன்றும் அடிக்கடி கழன்று வரும், சால்டர் பண்ணத் தெரிந்திருக்க வேண்டும், மாதக் கடைசியில் 27 பேருக்குப் போன் போட வேண்டும். கை தூக்குகிறவர் தூக்கலாம். போன வருடமும் இதே இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன்.

யாரும் இல்லையென்றால் ஆகஸ்டில் நிலவில் இறங்கும் பயிற்சி ஆரம்பம். அதற்கு இன்னொரு திரை தேவைப்படும், விலை விசாரித்து வைத்திருக்கிறேன், இப்போது சொல்லவில்லை. பொருளாளரின் 90 நாள் விசா இந்த மாதத்தோடு முடிகிறது, பீரோ திறக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உண்டியல் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 500 ரூபாய் நோட்டுக்கும் சில்லறை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
காட்பாடி, 20.07.2025