ஸ்வெட்டருக்கு முன் மாதிரித் துண்டு

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை (6ஆம் தேதி) மாலை 4 மணிக்கு, கூட்ட அறையில் ஸ்வெட்டர் பின்னத் தொடங்குகிறோம். அதற்குள் ஒவ்வொருவரும் அளவு சரிபார்க்க மாதிரித் துண்டு ஒன்று பின்னி எடுத்து வர வேண்டும்.

1. ஸ்வெட்டருக்கு வாங்கிய அதே நூல், அதே 4 மி.மீ. ஊசி.
2. ஊசியில் 30 கண்ணி (நூல் வளையம்) ஏற்றி, 15 செ.மீ. உயரம் பின்னவும்.
3. நனைத்து, இழுக்காமல் விரித்து உலர்த்தவும். இஸ்திரி வேண்டாம். கம்பளி நனைந்து காய்ந்த பிறகுதான் தன் உண்மையான அளவைக் காட்டும்.
4. ஓரத்தை விட்டு, நடுவில் ஸ்கேல் வைத்து 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணவும். அரைக் கண்ணியும் கணக்கு. 20 வர வேண்டும்.
5. கூடினால் பெரிய ஊசி, குறைந்தால் சிறிய ஊசி. மறுபடியும் ஒரு துண்டு.

"இரண்டு கண்ணிதானே" என்று விட்டுவிடாதீர்கள். 200 கண்ணியில் 100 செ.மீ. வர வேண்டிய மார்புச் சுற்றளவு, 10 செ.மீ.க்கு 22 விழுந்தால் 91 செ.மீ.தான். போன வருடம் என் கணவருக்குப் பின்னியது மகளுக்குப் போனது இப்படித்தான்.

வருகிறீர்களா, எத்தனை கண்ணி வந்தது என்பதை வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கே எழுதுங்கள். ஊசி மாற்ற வேண்டியவர்களுக்கு என்னிடம் உள்ள 3.5, 4.5 மி.மீ. ஊசிகளை எடுத்து வருகிறேன்.