ஜார்ஜ் மார்ட்டினையும் சேர்த்துச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸின் வெற்றிக்கு, அதன் பாட்டுகளை எழுதிய லெனான், மெக்கார்ட்னியின் மேதைமை மட்டுமே காரணம் என்று பேசுவது வருத்தம் தருகிறது. அவர்களின் இசைப்பதிவுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினை மறந்துவிடலாமா? 1965இல் 'யெஸ்டர்டே' பாட்டுக்கு நான்கு தந்தி வாத்தியங்களைச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். மெக்கார்ட்னி முதலில் தயங்கினார். 1966இல் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டின் இரண்டு பதிவுகளில் ஒன்றின் தொடக்கமும் மற்றதன் முடிவும் வேண்டும் என்றார் லெனான். வேகமும் வேறு, சுருதியும் வேறு! மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் ஒலிநாடாவின் வேகத்தை மாற்றி, வெட்டி ஒட்டினார்கள். ஒட்டு இருக்கும் இடம் தெரிந்து கேட்டாலும் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. சரி, மெட்டு மார்ட்டினுடையது இல்லைதான். ஆனால் அது நம் காதுக்கு வந்து சேர்ந்த வடிவத்தில் அவர் உழைப்பு இருக்கிறது. அடுத்த முறை பீட்டில்ஸ் பற்றி எழுதும்போது அவர் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்