தம்பிக்கு, மூட்டை கட்டறதுக்கு முன்னாடி

அன்புள்ள தம்பி,

போன வாரம் போன்ல கேட்டியே, "அக்கா, அங்க இருக்கறவங்க என்ன சொல்றாங்க, நாங்க வரலாமா வேணாமா"ன்னு, அப்ப பிள்ளைய ஸ்கூல்ல விடற அவசரத்துல ஏதோ சொல்லி வச்சிட்டேன். அதுலேர்ந்து மனசுல இதேதான் ஓடிட்டிருக்கு, பெரிய சிட்டிய விட்டுட்டு இந்த மாதிரி நடுத்தர ஊருக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு, உனக்கு நானே ஒழுங்கா சொல்லலன்னா வேற யார் சொல்லுவா.

முதல்ல ஒன்னு. இங்க யார்கிட்ட கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வரும். எங்க பக்கத்து வீட்டு பெரியவர் "இத மாதிரி நிம்மதியான ஊர் கிடையாதும்மா"ன்னு சொல்றார், அவரோட பேரன் "ஒன்னுமே இல்லாத ஊரு"ன்னு சொல்றான். ரெண்டு பேருமே பொய் சொல்லல, அவங்கவங்க வயசையும் இருக்கற தெருவையும் வச்சு பேசறாங்க. நடுத்தர ஊருங்கற வார்த்தையே ஒருத்தருக்கு ஒரு மாதிரி, ஓஇசிடி-ங்கற பணக்கார நாடுகளோட கூட்டமைப்பு கணக்குல 2 லட்சத்துலேர்ந்து 5 லட்சம் பேர் வரைக்கும் இருந்தா அது நடுத்தரம், ஐ.நா.வோட நகரக் கணக்குல அதே பேரு 10 லட்சத்துலேர்ந்து 50 லட்சம் வரைக்கும் இருக்கற ஊருக்கு. ரெண்டுலயும் வாழ்க்கை ஒன்னா இருக்குமா? அதனால யாராவது "நடுத்தர ஊர்னா சூப்பர்"னு பொதுவா சொன்னா, எத்தனை பேர் இருக்கற ஊருன்னு முதல்ல கேளு.

எனக்கு இந்த ஏழு வருஷத்துல புரிஞ்சது ஒன்னுதான். இந்த சைஸ் ஊர்ல அனேகமா எல்லாமே இருக்கும், ஆனா எத்தனை இருக்குங்கறதுதான் விஷயம். ரெண்டாவது ஒன்னு இருக்கா? அதான் கேள்வி.

மாமா வேலை பார்த்த கம்பெனி இங்க இருந்த ஆபீஸ மூடினப்ப நாங்க எப்படி கஷ்டப்பட்டோம்னு உனக்கு பாதிதான் தெரியும். நாங்க வரும்போது வேலை இருக்கான்னு மட்டும்தான் பார்த்தோம், அந்த வேலை போச்சுன்னா அதே லைன்ல இன்னொரு கம்பெனி இருக்கான்னு பார்க்கவே இல்ல. இல்ல. ஒன்னுகூட இல்ல. எட்டு மாசம் அவர் திங்கக்கிழமை விடிகாலை பஸ் ஏறி வெளியூர் போயிட்டு வெள்ளி ராத்திரிதான் வருவார், பொண்ணு கதவு பக்கத்துலயே செருப்ப போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பா, அப்பா வந்ததும் தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரணும்னு. அந்த எட்டு மாசத்த நினைச்சா இப்பவும் தொண்டைய அடைக்குது.

இதுக்கு காரணமும் இருக்கு. 2007-ல லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் இவங்கெல்லாம் சேர்ந்து ஒரு ஆய்வு போட்டாங்க, ஜனத்தொகை ரெண்டு மடங்கான ஊர்ல மொத்த சம்பளமும் புதுக் கண்டுபிடிப்புக்கு வாங்கற பேடன்ட்டும் ரெண்டு மடங்கோட நிக்கறதில்ல, அதுக்கு மேலயே ஏறுது, சம்பளத்த மட்டும் தலைக்கு கணக்கு போட்டா சுமாரா 10 சதவீதம் கூட. கூடவே குற்றமும் அதே மாதிரி ஏறுது. அதாவது பெரிய ஊர் கூட குடுக்குது, கூட எடுத்துக்கவும் செய்யுது. சின்ன ஊருக்கு வரும்போது ரெண்டுமே குறையும், நீ எதுக்கு தயார்னு நீயும் உன் பொண்டாட்டியும் உட்கார்ந்து பேசிக்கணும், முக்கியமா அவளோட வேலைய பத்தி. உன் வேலைக்காக வந்துட்டு அவ வீட்ல முடங்கிடக் கூடாது தம்பி, இத கண்டிப்பா சொல்றேன்.

டாக்டர் விஷயமும் இதேதான். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி பொண்ணுக்கு காது வலி, துடிக்கறா, இங்க இருந்த ஒரே காது டாக்டர் ஊர்ல இல்ல. ரெண்டு மணி நேரம் கார்ல போனோம். ஆனா இதையும் சொல்லணும், மறுநாள் காலையில மருந்துக்கடைக்காரர் சீட்ட வாங்கி பார்த்துட்டு "இந்த மருந்து பாப்பாவுக்கு அலர்ஜி ஆச்சே, போன வருஷம் உடம்பெல்லாம் தடிச்சு தூக்கிட்டு வந்தீங்களே"ன்னு நிறுத்தினார், ராத்திரி பதட்டத்துல நானே சொல்ல மறந்திருந்தேன். பழைய ஊர்ல பத்து வருஷம் ஒரே கடையில மருந்து வாங்கினேன், என் முகம்கூட அவங்களுக்கு தெரியாது.

நல்லது இருக்கு, நிறையவே இருக்கு. ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு பன்னெண்டு நிமிஷம். சாயங்கால வெளிச்சத்த வீட்டு வாசல்ல உட்கார்ந்து பார்க்கறேன், அங்க இருந்தப்ப அந்த நேரம் எனக்கு டிராஃபிக்லதான் போகும்.

ஃப்ரெண்ட்ஸ் மட்டும் உடனே கிடைச்சிருவாங்கன்னு நினைக்காத. இங்க எல்லாரும் ஒன்னா படிச்சவங்க, சொந்தக்காரங்க, நல்லா பேசுவாங்க, ஆனா வீட்டுக்குள்ள கூப்பிட நாளாகும். ஜெஃப்ரி ஹால்ங்கற பேராசிரியர் 2018-ல கணக்கு பார்த்திருக்கார், பழக்கப்பட்டவர் சாதாரண ஃப்ரெண்டா மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்கணுமாம், நெருங்கின ஃப்ரெண்டாக 200 மணி நேரத்துக்கு மேல. எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. முதல் வருஷம் நிறைய அழுதிருக்கேன், அம்மாகிட்ட சொன்னதில்ல.

அதனால இங்க இருக்கறவங்ககிட்ட "ஊர் எப்படி"ன்னு கேட்காத. கடைசியா வேலை மாறினப்ப எத்தனை நாள் தேடினீங்க, ராத்திரி உடம்பு முடியலன்னா எங்க போவீங்க, மழை பெஞ்சா உங்க தெருவுல தண்ணி எத்தனை நாள் நிக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இப்படி கேளு. குறிப்பா வந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்கள தேடிப் பிடிச்சு கேளு, பொறந்து வளர்ந்தவங்களுக்கு இதெல்லாம் கண்ணுலயே படாது. விட்டுட்டு போனவங்க யாராவது கிடைச்சா இன்னும் நல்லது, ஏன் போனாங்கன்னு கேட்டுக்கோ.

வீடு மட்டும் உடனே வாங்கிடாத, ஒரு வருஷம் வாடகைக்கு இரு. அதுக்கும் முன்னாடி மழை மாசத்துல லீவு போட்டு ரெண்டு வாரம் வா, மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. லேப்டாப்ப கொண்டு வா, இங்கேர்ந்தே வேலை பாரு, காலைல பிள்ளைகள ஸ்கூல்ல விடற நேரத்துல நீயே வண்டி ஓட்டிப் பாரு. அவளையும் கூட்டிட்டு வா, தனியா வராத. தேதி முடிவாச்சுன்னா சொல்லு, ரூமுக்கு ஒரு மேசை வாங்கிப் போட்டு வைக்கறேன்.

அன்புடன்,
அக்கா