நாங்கள் எழுதிய மருந்து வேறு, சீட்டில் வந்த மருந்து வேறு

அனுப்புநர்:
கிளினிக் நடத்தும் பொது மருத்துவர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை வட்டாரம்,
வடசென்னை.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர்,
மின்னணு நோயாளர் பதிவேட்டு மென்பொருள் நிறுவனம்,
சென்னை.

பொருள்: புதிய பதிப்பில் மருந்து மாறி விழுவது, அலர்ஜிக் குறிப்பு அழிவது, தமிழ்ச் சீட்டு வெட்டுப்படுவது ஆகியவற்றைச் சரிசெய்யவும், எங்கள் பதிவுகளை முழுமையாக எடுத்துச்செல்ல வழிசெய்யவும் கோருதல்.

ஐயா,

தங்கள் மென்பொருளை நாங்கள் ஆண்டுச் சந்தாவில் பயன்படுத்திவருகிறோம். புதிய பதிப்பு வந்த பிறகு உதவி மையத்தில் பதிந்த புகார் ஒவ்வொன்றும் ‘இணைய வேகம் குறைவு’ அல்லது ‘பயனர் தவறு’ என்ற பதிலோடு மூடப்பட்டுவிட்டது. ஆகவே குறைகளைச் சோதித்துப் பார்த்து, எந்த நிலையில் வருகின்றன, ஏன் வருகின்றன என்று இங்கே எழுதியிருக்கிறோம். இதையும் உதவி மையத்துக்கே தள்ளிவிடாமல், நிரல் எழுதுபவர்கள் கையில் கொடுங்கள்.

பில் பகுதியைப் பற்றிப் புகார் இல்லை. கரண்ட் போனாலும் ஒரு ரூபாய் பிசகுவதில்லை. அந்த அக்கறையில் பாதி மருந்துச் சீட்டுக்கும் கிடைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

முதலில் மருந்துப் பட்டியல். கணினியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டு, சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில் வையுங்கள். புதிய சீட்டைத் திறந்து, ‘மெட்’ என்று வரும்படி மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். உடனே ஒரு சிறு பட்டியல் விழும். அது அந்தக் கணினியில் அடிக்கடி எழுதும் மருந்துகளின் பட்டியல்; முதல் வரியில் மெட்ஃபார்மின் 500, இரண்டாம் வரியில் மெட்ரோனிடசோல் 400. வயிற்றுப்போக்கு நோயாளிக்கு இரண்டாவதுதான் வேண்டும், கீழ் அம்புக்குறியைத் தட்டி என்டர் அடிக்கிறோம். அந்த இடைவெளியில் சர்வரிலிருந்து பெரிய பட்டியல் அகர வரிசையில் வந்து இறங்குகிறது. இப்போது இரண்டாம் வரியில் இருப்பது மெத்தோட்ரெக்ஸேட் 2.5. சீட்டில் ஏறுவதும் அதுதான். நாலைந்து முறை செய்து பாருங்கள், ஒருமுறையாவது மாறிவிழும்.

காரணம் இணைய வேகம் அல்ல. உங்கள் நிரல் தேர்ந்தெடுத்த மருந்தை நினைவில் வைக்காமல், தேர்ந்தெடுத்த வரி எண்ணை நினைவில் வைக்கிறது. பட்டியல் மாறினால் வரி எண் அப்படியே இருக்க, மருந்து மாறிவிடுகிறது. வேகமான இணைப்பில் இது குறைவாக நடக்கும். நடக்காது என்று சொல்ல முடியாது.

மெத்தோட்ரெக்ஸேட் என்பது முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் வாரத்தில் ஒரே ஒரு நாள் தருகிற மருந்து. தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், வாயெல்லாம் புண்ணாகும், வெள்ளணுக்கள் சரிந்து உயிருக்கே உலை வைக்கும். உங்கள் மென்பொருளோ அதற்குத் தானாக 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று), ஐந்து நாள் என்று நிரப்புகிறது. ‘வாரம் ஒருமுறை’ என்ற தேர்வே அளவுக் கட்டத்தில் இல்லை. குறிப்புக் கட்டத்தில் எழுதினால் அது திரையில் மட்டும் இருக்கிறது, சீட்டில் அச்சாவதில்லை. வைட்டமின் டி3 60,000 யூனிட், எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலென்ட்ரோனேட் 70 ஆகியவற்றுக்கும் இதே கதிதான்.

இதற்குத் தேவை நான்கு மாற்றங்கள். அம்புக்குறியைத் தொட்டதும் பட்டியல் உறைந்துவிட வேண்டும். வரி எண்ணுக்குப் பதில் மருந்தின் அடையாள எண்ணைக் கொண்டு தேர்வு நடக்க வேண்டும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் பெயர்களில் வேறுபடும் பகுதியைப் பெரிய எழுத்தில் காட்டும் முறை உலகம் முழுக்க இருக்கிறது, அதைக் கொண்டுவாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட் எழுதும்போது கிழமையைக் கேட்காமல் மென்பொருள் அடுத்த வரிக்கு நகரக் கூடாது.

எச்சரிக்கைப் பெட்டிகளைப் பற்றி ஒரு வரி. அம்லோடிபினோடு அட்டார்வாஸ்டாட்டின் என்ற வழக்கமான ஜோடியை எழுதினாலும் சிவப்புப் பெட்டி, நைட்ரேட் சாப்பிடுகிறவருக்கு உயிருக்கே ஆபத்தான சில்டெனாஃபில் எழுதினாலும் அதே சிவப்புப் பெட்டி. எல்லாவற்றுக்கும் கத்துகிற பெட்டியை யாரும் படிப்பதில்லை, கை தானாக ‘சரி’யை அழுத்திவிடுகிறது.

அடுத்தது, இணையம் இல்லாதபோது நடப்பது. வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்குக் காய்ச்சல் பருவம். டெங்குவும் எலிக்காய்ச்சலும் அப்போதுதான் வரும். கரண்டும் நெட்டும் போவதும் அதே மாதங்களில்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில்தான் உங்கள் மென்பொருள் ஆஃப்லைனில் ஓடுகிறது என்பதை மனதில் வைத்து இதைப் படியுங்கள்.

ரிசப்ஷன் கணினியில் எடையும் பிரஷரும் ஏறுகின்றன. அதே நேரத்தில் மருத்துவர் கணினியில் ‘சல்ஃபா அலர்ஜி’ என்று பதிகிறோம். இணையம் திரும்பியதும் இரண்டு கணினிகளும் சர்வரோடு ஒத்திசைகின்றன. கடைசியாக இணைந்த கணினியின் பதிவு முந்தையதை முழுசாக மூடிவிடுகிறது. ரிசப்ஷன் கடைசியாக இணைந்தால் அலர்ஜி போய்விடும். மருத்துவர் கணினி கடைசியாக இணைந்தால் எடை போய்விடும். எடைதானே என்று நினைக்க வேண்டாம். காசநோய்க்கான நான்கு மருந்துக் கூட்டு மாத்திரையை எடையைப் பார்த்துத்தான் எண்ணுகிறோம்: 35 முதல் 49 கிலோ வரை 3 மாத்திரை, 50 முதல் 64 வரை 4. எடைக் கட்டம் காலியானால் உங்கள் மென்பொருள் முந்தைய வருகையின் எடையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. இளைத்துப்போனதால்தான் அவர் கிளினிக்குக்கே வந்திருப்பார்.

இன்னும் மோசமானது, அழிந்துபோன அலர்ஜிக் கட்டம் அடுத்த முறை காலியாகத் தெரியாமல் ‘அலர்ஜி இல்லை’ என்று தெரிவது. ‘கேட்டோம், இல்லை என்றார்’ என்பதும் ‘இன்னும் கேட்கவில்லை’ என்பதும் ஒன்றாகுமா? இதற்கு மூன்று நிலைகள் வேண்டும்: உண்டு, இல்லை, கேட்கப்படவில்லை. ஒத்திசைவு கட்டம் கட்டமாக நடக்க வேண்டும். ஒரே கட்டத்தில் இரண்டு கணினிகளும் வேறுவேறாக எழுதியிருந்தால் இரண்டையும் காட்டி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பெயர்ப் பதிவு. உங்கள் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். எங்கள் நோயாளிகளுக்குக் கடைசிப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. கட்டத்தைத் தாண்டுவதற்காக ஒருவர் புள்ளி வைக்கிறார், ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், ஒருவர் அதே பெயரை இரண்டு தரம் அடிக்கிறார். கல்யாணம் ஆனதும் பெண்ணின் இனிஷியல் மாறிவிடும். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எக்ஸ் போட்டும் எழுதலாம், கே-எஸ்-எச் போட்டும் எழுதலாம், டி-சி-எச் போட்டும் எழுதலாம். உங்கள் தேடலோ எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் காட்டும். ஒரே அம்மாவுக்கு மூன்று பதிவு, மூன்றிலும் மூன்று விதமான சுகர் மாத்திரை.

இதைச் சமாளிக்க மொபைல் எண்ணையே அடையாளமாக வைத்தது புதிய பதிப்பின் யோசனை. ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு போன் என்பது இங்கே சாதாரணம். மாமியாரின் இசிஜி மருமகள் பதிவில் போய் உட்காருகிறது. காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போனால் வீட்டுக்காரரோடு போனும் போய்விடும். ஓடிபி நடுக்கடலுக்கு அனுப்பப்படுகிறது, காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்கு இங்கே சீட்டுப் போட முடிவதில்லை. 14 இலக்க ஆபா என்ற நல அடையாள எண்ணை நோயாளியின் விருப்பம் என்றுதான் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் சொல்கிறது. உங்கள் திரையிலும் அந்தக் கட்டத்தைத் தாண்டிப்போக ஒரு பொத்தான் இருக்க வேண்டும். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தோராய வயது, தெரு ஆகிய நான்கையும் சேர்த்து ஒலிப்பொருத்தத்தோடு தேடினாலே பெரும்பாலான இரட்டைப் பதிவுகள் மாட்டிக்கொள்ளும். மாட்டியவற்றை ஒன்றாக்கவும், தவறாக ஒன்றாக்கிவிட்டால் பிரிக்கவும் வழி வேண்டும். இப்போது இரண்டும் இல்லை.

தமிழ்ச் சீட்டுக்கு வருவோம். சாப்பிடும் முறைக்கான கட்டத்தில் 16 குறியீடுகளுக்கு மட்டும் இடம் வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘சா’ என்ற ஓரெழுத்து கணினிக்குள் இரண்டு குறியீடு, ‘ப்’ இரண்டு குறியீடு. எனவே ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்பது எட்டாவது எழுத்தோடு வெட்டுப்பட்டு ‘சாப்பாட்டுக்குப்’ என்று அச்சாகிறது. ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பது ‘சாப்பாட்டுக்கு ம’ என்று நிற்கிறது. கடைசியில் ஒரு ‘ப்’ இருக்கிறதா என்று பார்த்து, முன்னா பின்னா என்று கண்டுபிடிப்பது நோயாளியின் வேலை ஆகிவிட்டது. கிளிமிபிரைடு முன், மெட்ஃபார்மின் பின், தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் என்று ஒரே சீட்டில் மூன்றும் வருகின்றன. கட்டத்தின் அளவைக் குறியீட்டில் எண்ணாமல், அச்சாகும் அகலத்தில் அளக்க வேண்டும். இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு மடிய வேண்டும்.

பிடிஎஃப் சீட்டில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்பது வேறு குறை. எழுத்துருவை மாற்றுங்கள் என்று உதவி மையம் சொன்னது. எழுத்துருவில் பிழை இல்லை. உங்கள் பிடிஎஃப் உருவாக்கி தமிழ்க் குறியீடுகளைச் சேர்த்து உருவம் கொடுக்காமல், வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் நாங்கள் வைத்திருந்த பழைய குறிப்புகளும் உங்கள் மாற்றத்துக்குப் பிறகு ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கிடக்கின்றன. மூல எழுத்துரு எது என்று தெரிந்தால் மாற்றுவது பெரிய வேலை இல்லை, அந்தத் தகவலைத் தர நாங்கள் தயார்.

குழந்தைகளுக்கான சிரப்பில் வலு அச்சாவதில்லை. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டும்: முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. சீட்டில் வெறும் ‘6 மில்லி’ என்று இருந்து, கடைக்காரர் 250ஐக் கொடுத்தால் குழந்தைக்கு இரட்டை அளவு. மருந்தின் பெயர், வலு, அளவு மூன்றும் ஒரே வரியில், பிரியாமல் வர வேண்டும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்பும்போது எடுக்கும் பரிந்துரைக் கடிதம் நான்கு பக்கம் வருகிறது. முதல் பக்கம் முழுக்கக் கிளினிக் முகவரியும் உங்கள் லோகோவும். நள்ளிரவில் வார்டில் இருக்கும் மருத்துவருக்கு வேண்டியது எதற்காக அனுப்புகிறோம், இப்போது என்ன மருந்து ஓடுகிறது, அலர்ஜி என்ன, கடைசி கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) எவ்வளவு என்பவைதான். இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும்.

பதிவைத் திருத்தினால் பழையது தடயமில்லாமல் மறைகிறது. ஒரு கிளினிக்குக்கு ஒரே லாகின் கொடுத்திருப்பதால் யார் திருத்தினார் என்பதும் தெரியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. யார் எழுதியது என்றே தெரியாத பதிவுக்கு யார் கையெழுத்துப் போடுவது? நர்ஸ், ரிசப்ஷன், மருத்துவர் மூவருக்கும் தனி லாகின் கொடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கேட்காதீர்கள்.

கடைசியாக, வெளியேறும் வழி. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் சொல்கின்றன. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மின்னணு நலப் பதிவேட்டுத் தரநிலைகள், பதிவில் உள்ள தகவல் நோயாளிக்குச் சொந்தம், மருத்துவர் அதன் காப்பாளர் மட்டுமே என்கின்றன. உங்கள் மென்பொருளில் ஒரு நோயாளியின் பதிவை ஒவ்வொன்றாக பிடிஎஃப் எடுக்கலாம், அவ்வளவுதான். சந்தா முடிந்தால் அதுவும் பூட்டிக்கொள்ளும். மருந்து, பரிசோதனை முடிவு, அலர்ஜி ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களாக, சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பிலும், மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்எச்ஐஆர் ஆர்4 வடிவத்திலும் மொத்தமாக எடுக்கும் வசதி வேண்டும். பரிசோதனை எண்ணோடு அலகும் வர வேண்டும். அலகு இல்லாத ‘7’ சுகரில் மில்லிமோல் கணக்கா மில்லிகிராம் கணக்கா என்று யாரும் ஊகிக்கக் கூடாது. மில்லிமோலில் 7 என்றால் நம் கணக்கில் 126.

மருந்துப் பட்டியல் பிழையை இந்தக் கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் அதுவரை சர்வர் பட்டியலை நிறுத்திவைத்து, கணினியில் உள்ள பட்டியல் மட்டும் ஓடும்படி செய்யுங்கள். அது ஒரு நாள் வேலை. ஒத்திசைவு, அலர்ஜிக் கட்டம், தமிழ் அச்சு மூன்றுக்கும் 30 நாள். மற்றவற்றுக்கு எப்போது என்று எழுத்தில் தேதி கொடுங்கள். இந்த நாட்களில் நாங்கள் கைச்சீட்டுத்தான் எழுதப்போகிறோம், ஆகவே அந்த நாட்களைச் சந்தாக் காலத்தோடு நீட்டித்துத் தர வேண்டும். கெடு தாண்டினால் எங்கள் பதிவுகள் முழுவதையும் மேலே சொன்ன வடிவத்தில் ஒப்படைத்து, மீதி மாதங்களுக்கான தொகையைத் திருப்பிக் கொடுங்கள்.

சோதித்தபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட்களையும், வெட்டுப்பட்ட சீட்டுகளை நோயாளி பெயரை மறைத்தும் இத்துடன் வைத்திருக்கிறோம். உங்கள் நிரலாளர் ஒருவர் மாலை 6 மணிக்கு மேல் எங்களில் யாருடைய கிளினிக்குக்கு வந்தாலும் நேரிலேயே செய்து காட்டுகிறோம். லேப்டாப்போடு ஒரு ஹாட்ஸ்பாட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்களான பொது மருத்துவர்கள்,
வடசென்னை.