வட சென்னைப் பாலங்களில் திரிபை அளக்கும் வேகம் குறித்து ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் பாலங்கள் துறைக்கும் மாநில நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

திருவொற்றியூரில் குடியிருந்து, ஒளியிழை அளவீட்டுக் கருவிகளோடு வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மணலி, எண்ணூர்ப் பக்கம் கால்வாயையும் தண்டவாளத்தையும் கடக்கும் பாலங்களில் கன்டெய்னர் டிரெய்லர்களின் போக்குவரத்து எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாலங்களின் திரிபை, அதாவது பாரத்தில் அவை இழுபடும் அளவை, அளக்கும் ஒளியிழை உணரிகளைப் பொருத்த ஒப்பந்தப்புள்ளி கோரும் நாள் வந்தால், எத்தனை உணரிகள் என்று கேட்பதற்கு முன், நொடிக்கு எத்தனை முறை அளக்கும் என்று கேளுங்கள்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிரெய்லர் நொடிக்குச் சுமார் 11 மீட்டர் கடக்கிறது. 1.3 மீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்துள்ள இரண்டு அச்சுகள் ஒரே இடத்தைத் தாண்டுவதற்கு இடையே ஏறத்தாழ 0.12 நொடிதான் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கும் கருவி, தளம் வெயிலில் விரிவதையும் விடியற்காலையில் சுருங்குவதையும் அழகான வரைபடமாகப் போட்டுக் கொடுக்கும். பாரம் ஏறிய வண்டி கொடுத்த அடி அதன் கண்ணில் பட்டிருக்காது. எஃகு களைப்படைந்து விரிசல் விடுவதோ அந்த அடிகள் திரும்பத் திரும்ப விழுவதால்தான்.

இங்கே உணரி என்பது இழைக்குள் பொறிக்கப்பட்ட பிராக் கீற்றணி, அதாவது நுண்ணிய கோடுகளின் வரிசை; அது தன்மேல் விழும் ஒளியில் தனக்குரிய ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ஒட்டிய இடம் இழுபட்டால் அந்த அலைநீளமும் நகர்கிறது; 1550 நானோமீட்டர் அளவில் ஒரு மைக்ரோ திரிபுக்கு, அதாவது ஒரு மீட்டர் நீளம் ஒரு மைக்ரான் நீள்வதற்கு, அது ஏறத்தாழ 1.2 பிக்கோமீட்டர் நகரும். தன் அலைநீளத்தைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே போகும் லேசர், ஒரே இழையிலுள்ள எல்லாக் கீற்றணிகளையும் ஒரே ஓட்டத்தில் வாசித்துவிடுகிறது. ஒரு முழு ஓட்டத்துக்கு ஒரு வாசிப்பு என்பதால், லேசரின் ஓட்ட வேகமே அளவீட்டின் வேகம். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலும் அலைநீளம் சுமார் 10 பிக்கோமீட்டர் நகர்ந்து, திரிபு போலவே தோற்றம் தரும்; ஆனால் வெப்பம் மெதுவாக மாறுவது, அடி நொடிக்குள் முடிவது, ஆகவே வேகமாக அளப்பவருக்கு இரண்டையும் பிரிப்பது எளிது.

வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. விளம்பரத் தாள்களில் அது சிறிய எழுத்தில்கூட இருப்பதில்லை. இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பச் சுமார் 10 மைக்ரோ நொடி ஆகும். 80 நானோமீட்டர் அலைநீள அகலத்தை நொடிக்கு ஆயிரம் முறை ஒரே திசையில் ஓடும் லேசர், அந்த இடைவெளிக்குள் 800 பிக்கோமீட்டர் முன்னேறிவிடும். திருத்தம் செய்யாவிட்டால், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உணரி, லாரியே வராத வேளையிலும் 650க்கு மேற்பட்ட மைக்ரோ திரிபைப் பொய்யாகக் காட்டும். பாலத்திலிருந்து தள்ளியுள்ள அறையில் கருவியை வைப்பதுதான் வழக்கம் என்பதால், இது ஏட்டுக் கணக்கு அல்ல. தூரத்துக்கேற்ற திருத்தம் கருவியிலேயே இருக்கிறதா, அல்லது லேசரின் அலைநீளம் ஏறும்போதும் இறங்கும்போதும் வாசித்துப் பிழையை நீக்குகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உப்புக்காற்றிலும் துருப்பிடிக்காதது, 25,000 வோல்ட் ரயில் மின்கம்பியின் அருகிலும் இரைச்சல் ஏறாதது என்ற இரண்டு காரணங்களுக்காகவே நம் பகுதிக்குக் கண்ணாடியிழை பொருந்தும். எந்தப் பசையால் ஒட்டுவது, எந்த உறையில் இடுவது என்பவை ஒப்பந்ததாரரோடு பேசி முடிக்கக்கூடியவை.

பணம் பட்டுவாடா செய்வதற்கு முன் ஒரு சோதனையைக் கட்டாயமாக்குங்கள். எடைமேடையில் அச்சு வாரியாக எடை போட்ட ஒரு டிரெய்லரை, முதலில் நடை வேகத்திலும் பிறகு வழக்கமான வேகத்திலும் பாலத்தின்மேல் ஓட்டச் சொல்லுங்கள். உத்தரத்தின் நடுவில் அச்சுகள் ஒன்றாகக் குழைந்து தெரிவது இயல்பு. தளத்தின் அடிப்பரப்பில் ஒட்டிய உணரியிலோ ஒவ்வோர் அச்சும் தனி முகடாகத் தெரிய வேண்டும். சராசரி எடுக்காத மூலத் தரவு உங்கள் துறையின் கணினியிலேயே சேர வேண்டும் என்றும், அதைத் திறக்க கருவி தரும் நிறுவனத்தின் மென்பொருள் தேவைப்படக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்வாசி ஒருவர்